பயற்றைப் பந்தலில் நாலு மாதமும் பத்து நாளும்

என் கணவர் மௌத்தாகி அடக்கமான பதினோராவது நாள், பயற்றைக் கொடியில் ஒரு பூச்சியைப் பார்த்தேன். இப்படித் தொடங்கினால் ஊரில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். மௌத்து வீட்டில் இருந்துகொண்டு பூச்சி பார்த்தவள் என்பார்கள். சொல்லட்டும். நான் அழவும் செய்தேன், பூச்சியும் பார்த்தேன். இரண்டுக்கும் அதே கண்தான்.

அப்போது நான் இத்தாவில் இருந்தேன். கணவர் இறந்தால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும், அலங்காரம் கூடாது, தேவையில்லாமல் வெளியே போகக் கூடாது என்பது மார்க்கம். கல்முனைப் பக்கத்து எங்கள் ஊர்கள் அதற்கு மேல் சேர்த்துக்கொண்டவை வேறு. வெள்ளைச் சேலை, ஓர் அறை, சாத்திய யன்னல், அந்நிய ஆண் எவருடைய கண்ணிலும் படாத இருப்பு. என் கணவரின் மூத்த சகோதரி, என் மதினி, இரண்டு வீடு தள்ளி இருந்தார். மார்க்கம் சொன்னதை அல்லாஹ் பார்த்துக்கொள்வான், ஊர் சேர்த்ததை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதுபோல் காலையும் மாலையும் வந்து என்னைச் சரிபார்த்துவிட்டுப் போவார்.

என் அறை யன்னல் பின்வளவுத் தோட்டத்தைப் பார்த்தது. அதை ஒரு சாண் திறந்தால் பயற்றைப் பந்தல் தெரியும். கொழுந்தெல்லாம் கறுப்பாக இருந்தது. கரி பூசியதாக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு அந்தக் கரி அசைந்தது. பேன், அழுக்கணவன் என்று விவசாயிகள் சொல்லும் அந்தக் கறுப்புப் பூச்சி, கொழுந்தில் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருந்தது. அதற்கு நடுவே வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஆறு கால், கறுத்த உடம்பு, செம்மஞ்சள் புள்ளிகள், முதலைக்குட்டியைப் போன்ற நடை. பார்க்க அசிங்கம்தான். இதுதான் எல்லாவற்றையும் கொண்டுவந்த சனியன் என்று யாரும் சொல்லியிருப்பார்கள்.

மதினி என் பின்னால் வந்து நின்றார்.

"என்னகா, பூச்சி புழுவப் பார்க்கவா இத்தா இருக்கிற? யன்னலச் சாத்து."

"யன்னலுக்கு இத்தா இல்ல மதினி," என்றேன்.

என் கணவர் நல்ல மனிதர். அவரை நினைத்து அழுத நாட்களை நான் எண்ணவில்லை. ஆனால் நல்லவர் என்பதற்காக அவர் செய்ததெல்லாம் சரியாகிவிடாது. சொறிக்கல்முனைப் பக்கம் எங்களுக்கு வயல். அங்கே நெல்லுக்கு மருந்தடித்துவிட்டு, முதுகில் மாட்டும் டாங்கியில் மிஞ்சியதை வீணாக்கக் கூடாது என்று வீட்டுக்குக் கொண்டுவந்து வளவில் இருக்கும் எல்லாவற்றிலும் அடிப்பார். கறிவேப்பிலை, தேசி என்கிற எலுமிச்சை, கத்தரி, தக்காளி, செவ்வரத்தை, எதுவும் தப்பாது. எது ஊர்ந்தாலும் எதிரி. ஓர் இலையையாவது திருப்பிப் பார்த்து நான் கண்டதில்லை. எது நல்லது, எது கெட்டது என்று பார்த்து அடித்தால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "பூச்சிக்கிட்டப் பேர் கேட்டுட்டா அடிக்கிற?" என்று சிரித்தார். முப்பது வருடம் அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

எங்கள் ஊர்களில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். எங்கள் ஒரே மகளின் கணவரும் அப்படி எங்களோடு இருப்பவர். பஜாரில் துணிக்கடை வைத்திருக்கிறார். அமைதியானவர், தொழுகையாளி, மண்ணில் கால் வைத்துப் பழக்கமில்லாதவர். மாமனார் போனதும் வயலும் வளவும் தன் தலையில் விழுந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். அப்படி நினைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

என்னைப் பார்க்க வந்த பெண்கள் பின்வாசலால் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆம்பிள இல்லாத வளவு இப்பிடித்தான் போகும்" என்றார்கள். எனக்கு ஆறுதலாகச் சொன்னார்களாம். அது மருமகனின் காதில் விழுந்தது. அன்று இரவு இஷாத் தொழுகைக்குப் போகும் முன் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"மாமி, ஒரு ஆளப் பிடிச்சு மருந்தடிச்சிருவம். ஆக்கள் கதைக்கிறாங்க."

"ஆக்களா பயத்தங்கா திங்கிற? பூச்சிதானே. பூச்சியப் பார்த்துட்டு முடிவெடுப்பம் மகன். மூணு நாள் தாங்க."

கொடுத்தார். ஆனால் சாண் யன்னலால் எதைப் பார்ப்பது? வளவுக்குள் இறங்கினால்தான் முடியும். மதினி விடமாட்டார். நான் மகளிடம் சொல்லி, பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஆலிமா ஒருவருக்குப் போன் எடுக்கச் சொன்னேன். எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாக வைத்தோம். "மதிலுக்குள்ள இருக்கிற முற்றமும் வீடுதான். தாராளமா இறங்கலாம்" என்றார் அந்தப் பிள்ளை. மதினி அன்று தேநீர் குடிக்காமல் போனார்.

மறுநாள் பின்னேரம் அஸர் தொழுத பிறகு பந்தலடியில் கதிரை போட்டு உட்கார்ந்தேன். ஜாம் போத்தல் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, பேன் மொய்த்த ஓர் இலையை அதற்குள் போட்டேன். முதலைக்குட்டியில் ஒன்றையும் போட்டு வாயில் மெல்லிய துணி கட்டினேன். விடிய சுபஹு தொழுதுவிட்டுப் பார்த்தபோது இலையில் பேன் ஐந்தோ ஆறோதான் மீதி. மற்றவை வெறும் தோலாக ஒட்டிக்கொண்டிருந்தன. முதலைக்குட்டி கொழுத்திருந்தது. இலையில் ஒரு கடியும் இல்லை.

மருமகன் போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப இது நம்மட ஆளா மாமி?"

"ஓம். சாப்பாட்டுக்கு மட்டும் வேல செய்யிறவன். அவனத்தான் நீங்க முதல்ல சாகடிக்கப் பார்த்த."

பத்து நாளில் அந்தக் குட்டிகள் இலையில் ஒட்டிக் கூடாகி, கூட்டிலிருந்து உருண்டை முதுகுள்ள சிவந்த வண்டுகள் வந்தன. பயற்றை தெளிந்தது. நாங்கள் காய் ஆய்ந்து சமைத்தோம். மதினிக்கும் ஒரு பிடி அனுப்பினேன், வேண்டுமென்றேதான்.

பிறகு எனக்கு ஒரு வெறி பிடித்தது. நான் தையல்காரி. இத்தாவில் தையலுக்கு யாரும் துணி கொண்டுவரவில்லை, நூல் பெட்டி சும்மா கிடந்தது. வளவில் உள்ள செடிகளுக்கு நூல் கட்டத் தொடங்கினேன். இலை தின்னும் பூச்சி இருக்கும் கிளைக்குச் சிவப்பு. நம்முடைய ஆட்கள் இருக்கும் கிளைக்குப் பச்சை. என்னவென்று தெரியாததற்கு வெள்ளை. தேசி இலையில் காக்கா எச்சம் போலக் கிடந்தது இரண்டு நாளில் பச்சைப் புழுவானது, வெள்ளையை அவிழ்த்துச் சிவப்புக் கட்டினேன். குளவி ஒன்று புழுவைத் தூக்கிக்கொண்டு போவதைக் கண்டேன், அது வந்திறங்கும் கிளைக்குப் பச்சை. வெள்ளை நூல்தான் கூடுதலாகச் செலவானது. அதில் எனக்கு வெட்கம் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று கட்டிவைக்கிற வீடு எங்கள் ஊரில் வேறு எது இருந்தது?

வந்துபோன பெண்கள் நூல்களைப் பார்த்துவிட்டு, செய்வினைக்குக் கட்டியிருக்கிறாளா என்று மகளிடம் கேட்டார்களாம். "ஓம், பூச்சிக்குச் செய்வினை" என்று மகள் சொல்லியிருக்கிறாள். அவள் என் பிள்ளை.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் மற்றதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

கிணற்றடியில் ஆறு கத்தரிச் செடிகள் நின்றன. ஒருநாள் அவற்றின் இலையடியில் மஞ்சள் முட்டைகளைக் கண்டேன். நிமிர்த்தி வைத்தது போலக் கூட்டம் கூட்டமாக நின்றன. பயற்றை இலையில் கண்டதும் இதே போன்ற மஞ்சள் முட்டைதான். பக்கத்தில் உருண்டை முதுகும் கறுப்புப் புள்ளியுமாக வண்டு. சந்தோஷமாகப் பச்சை நூல் கட்டினேன். ஒரு நாளாவது வெள்ளை கட்டிப் பொறுத்திருக்க வேண்டும், பொறுக்கவில்லை. பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. என் கணவருக்கும் முப்பது வருடம் அப்படித்தான் தெரிந்திருந்தது.

"உம்மா, கத்தரி இலை சல்லடையாப் போகுது," என்றாள் மகள்.

"வேற என்னவோ திங்குது. நம்மட ஆக்கள் காவல் இருக்காங்க, விடு."

இரண்டு கிழமை விட்டேன். இலைகளில் நரம்பு மட்டும் மிஞ்சியது, லேஸ் துணி விரித்த மாதிரி. கடைசியில் போனில் கிட்டப் பிடித்துப் படம் எடுத்து, விரலால் பெருப்பித்துப் பார்த்தேன். பயற்றை வண்டு பட்டனைப் போல மினுங்கும், முதுகில் நெளிந்த கறுப்புக் கோடு ஓடும். இது மினுங்கவில்லை. புளி போட்டுத் தேய்க்காத செப்புப் பாத்திரத்தின் நிறம், மேலெல்லாம் பொடி மயிர். புள்ளிகளை எண்ணினேன், இருபத்தெட்டு இருந்தன. அதன் குட்டி மஞ்சள் நிறம், உடம்பு முழுக்க முள். அது இலையைச் சுரண்டிக்கொண்டிருந்தது. நான் காவலுக்கு வைத்தவர்கள்தான் களவு எடுத்தவர்கள்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் முன்னால் சொன்னேன், பிழை விட்டுவிட்டேன் என்று. மருமகன் சிரித்திருந்தால் பொறுத்திருப்பேன். அவர் சிரிக்கவில்லை. "பரவாயில்ல மாமி. மனசு ஒரு நிலையில இல்லாத நேரம்தானே" என்றார். அந்த அனுதாபம் எனக்குத் தேவைப்படவில்லை. பயற்றையைக் காப்பாற்றியபோது என் மனசு எந்த நிலையில் இருந்ததாம்?

"வியாழக்கிழமை ஆள் வருவான். முழு வளவுக்கும் ஒருக்கா அடிச்சா முடிஞ்சி," என்றார்.

"கத்தரிக்கு மட்டும் கையால பொறுக்கிச் சவர்க்காரத் தண்ணிக்குள்ள போடுறன். முழு வளவுக்கும் அடிச்சா பயற்றையில இருக்கிறதும் சாகும். மறுகா பேன் வந்தா யாரு திங்கிற?"

"மாமி, நீங்க ஒருக்காப் பிழை விட்டுட்டீங்கதானே."

அதோடு கதை முடிந்தது. ஒருதரம் பிழை விட்டால் போதும், ஒரு பெண்ணின் சொல் பிறகு செல்லாது. ஆயிரம் தரம் பிழை விட்ட டாங்கி மட்டும் கொட்டிலில் மரியாதையோடு தொங்கும். எனக்கு அழுகை வந்தது. அது என் கணவருக்கான அழுகை இல்லை என்பதும் எனக்குத் தெரிந்தது.

மூன்று நாள் பொறுக்கினேன். பொறுக்கப் பொறுக்க வந்தது. இருந்தாலும் விடவில்லை.

வியாழன் காலை ஒன்பது மணி இருக்கும். வாசல் கேற்றடியில் மோட்டார் சைக்கிள் நின்ற சத்தம். மருந்தடிக்கிறவன் வந்துவிட்டான். மருமகன் அவனை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வந்து, "மாமி, அறைக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிடுங்க. ஆள் உள்ள வரப்போறான்" என்றார்.

அந்த நொடியில்தான் எனக்கு விளங்கியது. மருமகன் மகளின் கணவர், என்னைப் பார்க்கலாம், தடையில்லை. ஆனால் மருந்தடிக்க வந்தவன் அந்நிய ஆண். நான் முற்றத்தில் இருக்கும் வரை அவன் முற்றத்துக்கு வர முடியாது. ஊர் என்னைச் சுற்றிக் கட்டிய வேலி இரண்டு பக்கமும் முள்ளுள்ள வேலி. இத்தனை நாளாக என் பக்கத்து முள்ளை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

அறைக்குள் போகவில்லை. கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பந்தலுக்கு நடுவில் போட்டு, வெள்ளைச் சேலையை இழுத்து மூடி உட்கார்ந்தேன். மருமகன் என்ன செய்வார்? மாமியாரைக் கையைப் பிடித்து இழுக்கவா முடியும்? மதினியைக் கூட்டிவர ஆள் அனுப்பினார்.

மதினி மூச்சு வாங்க வந்தார்.

"என்னகா இது? எழும்பி உள்ள வா. வாசல்ல ஆம்பிள நிக்கான்."

"என்ட பாட்டுல நான் இருக்கன் மதினி. இத்தாவுல இருக்கிறவ இருக்கிற இடத்துக்கு அவன் வாறதுதான் சரியில்ல."

"அதுக்குத்தானே உள்ள போகச் சொல்லுற."

"முற்றமும் வீடுதான். பின்னேரம் வரைக்கும் இஞ்சதான் இருப்பன். நாளைக்கும் இருப்பன். இத்தா முடிய இன்னும் நாள் கிடக்கு."

மதினி என்னைப் பார்த்தார். பந்தலைப் பார்த்தார். கேற்றைப் பார்த்தார். மூன்று மாதமாக என் யன்னலைச் சாத்திச் சாத்திக் கை நொந்த மனுசி, இப்போது ஓர் அந்நிய ஆணை என் முன்னால் விட்டால் அத்தனை சாத்தலும் பொய்யாகிவிடும். அவர் பொய்யானவர் இல்லை. அதை நான் எப்போதும் சொல்வேன். நேராகக் கேற்றடிக்குப் போய் அவரே குரல் கொடுத்தார்.

"தம்பி, நீங்க போங்க. உள்ள இத்தாவுல ஆள் இருக்காங்க. இப்ப ஏலா."

மதிலுக்கு வெளியே டாங்கியைத் தோளிலிருந்து இறக்கும் சத்தம் கேட்டது. பிறகு மோட்டார் சைக்கிள் போனது. தந்திரம் என்றால் தந்திரம்தான். மார்க்கத்தை விளையாட்டாக்கினாள் என்று யாராவது சொன்னால், அதை நான் அல்லாஹ்விடம் கதைத்துக்கொள்வேன். பூச்சிகளையும் அவன்தான் படைத்தான்.

மருமகன் முகம் சிவந்து நின்றார். "அப்ப வளவு அழியட்டும்" என்றார். அழியாது என்று நான் சொன்னேன். அழியும் என்றார். மதினி இருவரையும் அதட்டினார். அப்போதுதான் மகள் குசினியிலிருந்து வந்தாள். ரொட்டிக்கு மாப் பிசைந்த கை, முழங்கை வரை மா.

"ரெண்டு பேரும் நிப்பாட்டுங்க. வளவு யார்ட பேர்ல இருக்கு?"

அவள் பேரில்தான். எங்கள் ஊர்களில் மகளைக் கட்டிக்கொடுக்கும்போதே வீட்டையும் வளவையும் அவள் பேருக்கு எழுதிவிடுவோம். நானும் என் உம்மாவிடமிருந்து அப்படித்தான் வாங்கினேன். அவளுக்கு எழுதி நாலு வருடம் ஆகியிருந்தது. உறுதிப் பத்திரம் என் அலுமாரியில் கிடந்ததால் எனக்கு அது மறந்துபோயிருந்தது.

"இவர் மருந்தடிக்கணுமெண்டு நிக்கார். நீங்க அடிக்க விடமாட்டன் எண்டு நிக்கிறீங்க. என்னட்ட ஒருக்கா, ஒரே ஒருக்கா, ஆரும் கேட்டீங்களா?"

முப்பது வருடம் என்னிடம் யாரும் கேட்கவில்லை என்று குமுறியவள் நான். அவள் என்னைப் பார்த்தும் அதையே கேட்டாள். கோபம் மட்டும் இருந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"மருந்தடிக்கிறதில்ல," என்றாள் கணவரிடம். அவர் சரி என்று தலையை ஆட்டினார். நான் நிமிர்ந்தேன். "கத்தரிய வெச்சிருக்கிறதும் இல்ல," என்றாள் என்னிடம்.

"பொறுக்கினாச் சரியாகும் புள்ள."

"மூணு நாளாப் பொறுக்குறீங்க உம்மா. காலையில பொறுக்கினா பின்னேரம் வருது. தக்காளிக்கும் போயிட்டு. நான் முந்தாநாள் பார்த்தன், நீங்க பார்க்கல்ல."

தக்காளியை நான் பார்க்கவில்லை. உண்மைதான்.

அவள் கையைக் கழுவிவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். வாளியில் சவர்க்காரத் தண்ணி கரைத்துப் பக்கத்தில் வைத்தாள். முதல் செடியில் குனிந்து ஒவ்வோர் இலையாகத் திருப்பினாள். வண்டையும் குட்டியையும் தட்டி வாளிக்குள் போட்டாள், பிறகு செடியை வேரோடு பிடுங்கினாள். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது. நான் பின்னாலேயே நடந்தேன். ஆறாவதில் பிஞ்சு பிடித்திருந்தது.

"இந்த ஒண்டையாவது எனக்கு விடு."

"இல்ல உம்மா."

ஓர் இலையில் அவள் விரல் நின்றது. மற்றவைக்கு நடுவே ஒன்று மினுங்கியது. முதுகில் நெளிந்த கோடு, நம்முடைய ஆள். நான் சொல்ல வாயெடுக்கும் முன் அவள் அதை விரலில் ஏற்றிக்கொண்டாள். எழும்பிப் பந்தல் வரை நடந்து, பயற்றைக் கொடியில் விட்டு, அது நடந்து போகும் வரை நின்றாள். திரும்பி வந்து மிச்ச இலைகளையும் பார்த்து முடித்து, அந்தச் செடியையும் பிடுங்கினாள்.

எனக்கு இன்றுவரை கோபம்தான். அந்தக் கடைசிச் செடியில் இரண்டு பிஞ்சு இருந்தது. ஆனால் பார்க்காமல் பிடுங்கினாள் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது.